ட்ரெயிலர் விற்பவன் வீட்டு வேலைநிறுத்தம்

காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் வீட்டை விற்பது விசித்திரமான தொழில். வாங்க வருகிறவருக்கு நல்ல வீடு ஒன்று ஏற்கெனவே இருக்கும், அதிலிருந்து இரண்டு நாளைக்குத் தப்பி ஓடத்தான் உங்களிடம் வருவார்.

வாழ்நாள் முழுக்கத் தனியுடைமைக்கு எதிராக எழுதியவன் அந்தத் தொழிலைச் செய்வது இன்னும் விசித்திரம். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் அல்ல. என் படிப்பு முழுவதும் துண்டுப்பிரசுரங்களில் இருந்து வந்தது. வாசித்துவிட்டு மடித்தால் சட்டைப்பையில் அடங்கிவிடும். ஊரில் தொழிற்சங்கம் கட்டினேன், சங்கத்தை உடைத்தார்கள். ரொறன்ரோவுக்கு வந்து பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் சங்கம் கட்டினேன், தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். என்னோடு கோஷம் போட்டவர்களில் பாதிப் பேர் இன்று வீடு விற்கும் முகவர்கள். பஸ் தரிப்பிட வாங்கில்களில் விளம்பரமாக ஒட்டியிருக்கும் அவர்களுடைய சிரித்த முகத்தின் மேல் சனம் குந்தியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. நான் அப்படிப் போகவில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பிறகு அஜக்ஸுக்குக் கிழக்கே ஒரு ட்ரெயிலர் விற்பனை நிலையத்தில் தமிழ் வாடிக்கையாளர்களைக் கவனிக்க ஆள் தேவை என்றார்கள். போய்விட்டேன். சில்லுப் பூட்டிய வீட்டை விற்றால் பாவம் குறைவு என்று நினைத்திருக்க வேண்டும்.

விற்பனை வேலை பார்த்து நாக்குத் தேய்ந்தவர்களே, உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க எங்களிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: இருக்கிறது போதுமா, புதுசுக்கு மாறுவமா? போன கோடையில் அந்தக் கேள்வி என் சொந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்களுடைய பழைய ட்ரெயிலரில் இனி ஏறமாட்டேன், வேறு வாங்கும்வரை எந்தப் பயணத்துக்கும் வரமாட்டேன் என்று என் மனைவி மனோ வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். பகலில் ஊராரை மாறச் சொல்லிவிட்டு, பின்னேரம் வீட்டில் மாறக்கூடாது என்று வாதாடியவனின் அனுபவங்கள் இவை.

கூழ்க் கிடாரம்

அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மனைவியின் அக்கா, அக்காவின் கணவன், அவர்களோடு ஒரு அலுமினியக் கிடாரம். லோங் வீக்கெண்ட் வந்தால் இவர்கள் வடக்கே ஏரிக்கரைப் பார்க்குக்குப் போய் நாற்பது பேருக்கு ஒடியல் கூழ் காய்ச்சுவார்களாம். கையில் இருக்கும் ட்ரெயிலரில் கிடாரம் வைக்க இடமில்லை, ஒவ்வொரு முறையும் அதை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டியிருக்கிறது, அதனால் பெரிதாக ஒன்றுக்கு மாறலாமா என்று கேட்டார்கள்.

நான் தொழில் தெரிந்தவன் மாதிரி சூரிய வெளிச்சம் விழும் கூரை ஜன்னல், தானாக விரியும் வெயில் மறைப்பு எல்லாம் காட்டினேன். அக்கா ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு ட்ரெயிலருக்குள்ளும் கிடாரத்தோடு ஏறினார். கட்டிலுக்குக் கீழே வைத்துப் பார்த்தார், உடுப்பு அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தார், கதவு மூடவில்லை. கடைசியாக ஒரு மாடலில் குளிக்கிற அறைக்குள் கிடாரம் போய், அளவெடுத்த மாதிரிக் குந்தியது. இதுதான் வேண்டும் என்றார். அப்படியென்றால் எங்கே குளிப்பீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணை, பார்க்கில குளிக்கிற இடம் கட்டி வைச்சிருக்கிறான். கூழ்ச்சட்டிக்கு எங்கையாவது கட்டி வைச்சிருக்கிறானோ?"

மேசைதான் கட்டில்

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் பழைய ட்ரெயிலரில் கட்டில் என்று தனியாக ஒன்று கிடையாது. சாப்பாட்டு மேசையின் காலை மடக்கி, பலகையை இறக்கி, இருக்கை மெத்தைகளை அதன்மேல் அடுக்கினால் அது கட்டில். விடிந்ததும் எல்லாவற்றையும் தூக்கினால் திரும்ப மேசை. உள்ளே சுவர்ப் பக்கம் மனோ படுப்பாள், வெளிப்பக்கம் நான். அவள் இறங்க வேண்டுமென்றால் என்னைத் தாண்டி இறங்க வேண்டும். அவள் விடியக் காலையில் எழும்புகிறவள், நான் வெயில் ஏறியபின் எழும்புகிறவன். அதுவரை தேத்தண்ணிக் கோப்பையை வைக்கக்கூட அவளுக்கு இடமில்லை, ஏனென்றால் மேசையில் நான் கிடப்பேன். மெத்தைகள் சேருகிற இடுக்கில் அவளுடைய இடுப்பு நாரி சரியாக விழும். நாரிப்பிடிப்புக்கு அவள் போகாத பிசியோ இல்லை.

போன வசந்தத்தில் அவள் கேட்டது ஒரே ஒரு கோரிக்கை: இரண்டு பக்கமும் இறங்கக்கூடிய, மடக்காத கட்டில் உள்ள ட்ரெயிலர். காசு பெரிய பிரச்சினை இல்லை, ஊழியருக்குக் குறைத்துத்தான் தருவார்கள். என் தலைக்குள்தான் பிரச்சினை. உள்ளது நன்றாக ஓடும்போது புதிதுக்கு ஆசைப்பட வைப்பதுதான் முதலாளித்துவத்தின் உயிர்நாடி என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். அதையே அவளுக்கும் பேசினேன், நுகர்வு மோகத்தில் தொடங்கி ஏகாதிபத்தியம் வரைக்கும். கேட்டு முடித்துவிட்டு மனோ சொன்னாள்:

"நல்ல பேச்சு. இனி நான் வரேல்லை. உங்கட ஏகாதிபத்தியத்தைச் சுவர்ப் பக்கம் படுக்க வையுங்கோ."

பழையதே போதும்

அவள் மேல் இருந்த கோபத்தை அடுத்த நாள் வேலையில் காட்டினேன். மிசிசாகாவிலிருந்து ஒரு இளம் தம்பதி, தமிழ்நாட்டுக்காரர்கள், இருவரும் கம்ப்யூட்டர் வேலை. வைத்திருந்த ட்ரெயிலர் இன்னும் பிளாஸ்டிக் வாசம் போகாத புதிது. இந்த வருட மாடலுக்கு மாறலாமா என்று கேட்டார்கள். நான் அவர்களை இருத்தி வைத்து உண்மையைச் சொன்னேன். வெளியே ஒட்டியிருக்கும் கோட்டின் நிறத்தை மாற்றிவிட்டுப் புது மாடல் என்கிறார்கள், உங்களுடையதற்கு ஒரு குறையும் இல்லை, போய் அதிலேயே சந்தோஷமாக இருங்கள், இந்தச் சந்தை உங்களை மனிதராகப் பார்க்கவில்லை என்றேன். அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். பல வருடங்களுக்குப் பிறகு என் பேச்சு ஒருவரைத் தொட்டுவிட்டது.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், என்னோடு வேலை செய்யும் பிரகாஷ், கோயம்புத்தூர்ப் பையன், அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். இருந்ததிலேயே பெரிய மாடல். என்னைக் கண்டதும் அந்தப் பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இந்த விஷயம் முதலாளி காதுக்குப் போய், யோசித்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளர்களை எல்லாம் என்னிடம் பேச அனுப்பத் தொடங்கினார் என்பது வேறு கதை. அந்தப் பெண் சொன்னது இதுதான்:

"கடையில வேலை பார்க்கிறவரே வேணாம்னு சொல்றார்னா, இந்தக் கடையை நம்பி எது வேணும்னாலும் வாங்கலாம்னு தோணுச்சு அங்கிள்."

முதலாளியின் தந்திரங்கள்

வேலைநிறுத்தம் நீண்டது. ஜூன் போனது. ட்ரெயிலர் வீட்டு வாசலில் நின்றபடி நின்றது. எனக்கு இதில் உண்மையான நட்டம் எது என்று சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தில் என் பேச்சைக் கடைசிவரை கேட்கும் ஆள் மனோ ஒருத்திதான். ஏரிக்கரையில் நெருப்பு மூட்டிவிட்டு நான் பேசுவேன், அவள் சோளம் சுடுவாள். இடையிடையே "ம்" என்பாள். ஒரு காலத்தில் மைதானத்துக்குப் பேசியவனுக்கு மிஞ்சிய கூட்டம் அவ்வளவுதான். அதுவும் வெளிநடப்புச் செய்துவிட்டது. இங்கே கோடையும் நீளமில்லை. இந்தக் கோடையும் போனால், வராமல் இருப்பது அவளுக்குப் பழகிவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது.

ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. என்ன செய்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முதலில் "பரிசீலிக்கிறன்" என்றேன். பிறகு ஒரு சின்னச் சலுகையாக, மேசைமேல் விரிக்க ஒரு பஞ்சு மெத்தை வாங்கிவந்து கொடுத்தேன். அடுத்த வருடம் கட்டாயம் பார்க்கலாம் என்றேன். எதுவும் எடுபடவில்லை என்றதும் பிரித்தாளப் பார்த்தேன்: அஜக்ஸில் இருக்கும் அவளுடைய தங்கை சாந்தியைக் கூப்பிட்டு, அக்காவுக்கு நியாயம் சொல்லும்படி கேட்டேன். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எங்களுக்கு எதிராக நிர்வாகம் செய்த எல்லாவற்றையும், அதே வரிசையில், நானே செய்துகொண்டிருந்தேன். மனோவோ ஊரில் எங்கள் சுவரொட்டிகளுக்குக் கோதுமை மாப் பசை காய்ச்சித் தந்தவள். ஒவ்வொரு தந்திரமும் வருமுன்னரே அவளுக்குத் தெரிந்திருந்தது. சாந்தி ஒரு மணித்தியாலம் அக்காவோடு அறைக்குள் கதைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அத்தான், அக்கா கேக்கிறதில ஒரு பிழையும் இல்லை. உந்த ஸ்ட்ரைக்கில என்னையும் சேருங்கோ, எங்கட வீட்டுச் சோபாவும் பழசாய்ப் போச்சு."

சாம்பிராணி

பழைய ட்ரெயிலரைத் தந்துவிட்டுப் புதிது எடுக்க வருகிறவர்களிடம் பழையதற்கு விலை வைப்பதும் எங்கள் வேலை. கூரை ஒழுகி உள்ளே ஈரம் ஊறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். ஈரம் இருந்தால் மணத்திலேயே தெரிந்துவிடும். மற்றச் சனங்கள் மணத்தை மறைக்கக் காருக்குத் தொங்கவிடும் வாசனை அட்டையைத் தொங்கவிடுவார்கள். எங்கள் ஆட்கள் சாம்பிராணி போடுவார்கள். ஒருவர் கொண்டுவந்த ட்ரெயிலரின் கதவைத் திறந்தேன், வெள்ளிக்கிழமைக் கோயில் மாதிரிப் புகை வந்தது. மூலையில் காலை வைத்தேன். தரை தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி அமுங்கியது. எனக்கு முன்னால் பார்த்த வெள்ளைக்கார மெக்கானிக் இரண்டு முறை மூச்சை இழுத்து நல்ல வாசம் என்றுவிட்டுப் போனவன்.

நான் வெளியே வந்து அவருடைய தோளில் கைபோட்டு, "தம்பி, கூரை எப்ப ஒழுகத் தொடங்கினது?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ துரோகியைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல, முன்பெல்லாம் அதை நான்தான் பார்ப்பேன்.

"தமிழ் ஆள் நிக்கிறார் எண்டு நம்பி வந்தன் அண்ணை. தெரிஞ்சிருந்தா ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் நிக்காத நேரமாப் பார்த்து வந்திருப்பன்."

கருங்காலி

வேலைநிறுத்தம் என்றால் நிர்வாகம் கருங்காலிகள் எனப்படும் வெளியாட்களை வைத்து வேலையை ஓட்டப் பார்க்கும். நானும் பார்த்தேன். ஜூலைக் கடைசியில் என் பழைய தோழர் குணம் என்பவரைக் கேட்டேன், ஏரிக்கரைக்கு வாறியளா என்று. ஒரே கட்சி, ஒரே லாக்கப், ஒரே கருத்து முரண்பாடுகள். குணம் சந்தோஷமாக வந்தார். மனோ வாசலில் நின்று எங்களுக்குக் கைகாட்டினாள். இரண்டு டப்பாவில் சாப்பாடும் கட்டித் தந்தாள். அதில் இருந்த நக்கல் எனக்குத் தெரிந்தது, குணத்துக்குத் தெரியவில்லை.

நெருப்புக்கு முன்னால் இருந்து நான் பேசத் தொடங்கினேன். குணமும் பேசத் தொடங்கினார். இரண்டு பேரும் பேசினால் கேட்கிறது யார்? பிறகு படுக்கப் போனோம். குணம் பெரிய உடம்புக்காரர், சுவர்ப் பக்கம் அவரைப் போட்டேன். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். வெளியே பிக்னிக் மேசையில், நான் விரிக்க வாங்கிய பஞ்சு மெத்தையைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். முகம் முழுக்க நுளம்பு கடித்த தடிப்பு. என்னைத் தாண்டி எப்படி இறங்கினார் என்று கேட்கத் துணியவில்லை. என் முழங்காலில் இருந்த நோவு பதில் சொல்லியது. தேத்தண்ணியைக் கையில் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:

"தோழர், பொலிஸ் அடிச்ச நேரம் நான் கட்சியை விடேல்லை. அந்தக் காலத்திலை இந்த மேசையிலை படுக்கப் போட்டிருந்தா விட்டிருப்பன்."

தனிப் பழம்

இதற்கிடையில் என் பகுத்தறிவுக்கும் ஒரு சோதனை வந்தது. புது ட்ரெயிலரை எடுத்துப்போக வருகிற எங்கள் சனம், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிக்காமல் கேற்றைத் தாண்டமாட்டாது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எழுதியவன் நான். ஆகவே அந்த நேரம் அலுவலகத்துக்குள் போய் ஏதாவது தேடுவேன். ஒருநாள் வாசலில் பெரிய வாக்குவாதம். இழுத்துப் போகும் ட்ரக்குக்கு மட்டும் பழம் கொண்டுவந்திருந்தார் ஒருவர். ட்ரக் நசித்த பழத்தின் மேல்தானே பின்னால் வரும் ட்ரெயிலரும் ஏறும், அது போதும் என்றார். அவருடைய மனைவி போதாது என்றார். பின்னால் மற்ற வாடிக்கையாளர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். பிரகாஷ் என்னைப் பிடித்து இழுத்துவந்தான்.

இரண்டு பக்கத்தையும் கேட்டேன். சங்கத்தில் எத்தனை பிணக்குத் தீர்த்தவன், வாய் சும்மா இருக்குமா? "ட்ரெயிலருக்குத் தனி நம்பர் பிளேட் இருக்கு. சட்டப்படி அது தனி வாகனம். தனிப் பழம் வேணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கடைக்கு ஆள் ஓடியது, பழம் வந்தது, வயதுக்கு மூத்தவர் என்று தேங்காயையும் என் கையிலேயே தந்தார்கள். உடைத்தேன், அது நடுவாலே நேராகப் பிளந்தது. பிரகாஷ் பக்கத்தில் வந்து மரியாதையாக நின்றான்.

"எனக்கு அடுத்த மாசம் கார் வருது சார். நீங்கதான் வந்து பண்ணித் தரணும், உங்க கை ராசியான கை."

உள்ளே ஆள் இருக்கிறது

ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை, விற்பனை நிலைய முற்றம் நிறையச் சனம். சாந்தியின் கார் வந்து நின்றது. மனோ இறங்கினாள். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன். அவள் என்னைத் தாண்டிப் பிரகாஷிடம் போனாள். "தம்பி, மடக்காத கட்டில் உள்ளது ஏதும் கிடந்தாக் காட்டுங்கோ. உவரிட்டை நான் கேக்கேல்லை." பிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். கொஞ்சம் பாவித்த ட்ரெயிலர் ஒன்று அந்தக் கிழமைதான் வந்திருந்தது, பழையதும் இல்லை, புத்தம் புதிதும் இல்லை. அதற்குள் அவளைக் கூட்டிப் போனான். கொஞ்ச நேரத்தில் தனியாக இறங்கி வந்தான். "சார், மேடம் படுத்துப் பார்க்கிறேன்னு சொன்னாங்க. தூங்கிட்டாங்க."

படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, கட்டிலின் நடுவில், நாரியை நீட்டி நிமிர்த்திப் படுத்திருந்தாள். எங்கள் ட்ரெயிலரில் அவள் ஒருநாளும் நிமிர்ந்து படுத்ததை நான் கண்டதில்லை. எப்போதும் சுவரைப் பார்த்து ஒருக்களித்துத்தான் கிடப்பாள். அதை நான் அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தம்பதி, இந்த ட்ரெயிலரைத்தான் பார்க்க வந்தோம், பிடித்திருந்தால் இன்றைக்கே எடுப்போம் என்று படியில் கால் வைத்தார்கள். நான் கதவுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றேன். உள்ளே ஆள் இருக்கிறது, இப்போது ஒருவரும் போக முடியாது என்றேன். பனிக்காலத்தில் தொழிற்சாலை வாசலில் நின்றதும் இதே நிலைதான், அன்று கையில் கோஷம் எழுதிய ஒரு பலகை இருந்தது. சத்தம் கேட்டு முதலாளி வந்தார். ஏன் வாடிக்கையாளரை மறிக்கிறாய், இது விற்றாகிவிட்டதா என்று கேட்டார். ஓம், விற்றாகிவிட்டது என்றேன். யாருக்கு என்றார். எனக்கு என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து போன பிறகுதான் என் காதுக்கே வந்தது.

தம்பதி முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். முதலாளியும் தலையை ஆட்டிக்கொண்டு போனார். முற்றம் அமைதியாகியதும் உள்ளே போய், அவளுடைய காலடியில், இடம் தாராளமாக இருந்த பக்கத்தில் இருந்தேன். மனோ கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"நான் நித்திரை கொள்ளேல்லையப்பா. நீங்கள் வாயாலை சொல்லுமட்டும் எழும்புறேல்லை எண்டுதான் கிடந்தனான்."

என் வாழ்நாளில் நான் கண்ட வேலைநிறுத்தங்களில் கோரிக்கை முழுதாக வென்றது இது ஒன்றுதான், அதில் நான் முதலாளியாக இருந்தேன்.